மன்னா புழுத்தது, யோசேப்பின் தானியம் புழுக்கவில்லை: சேமிப்பதைப் பற்றி எபிரேய வேதம் என்ன சொல்கிறது?

கேள்வி இது: "வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறியது. யோசேப்போ ஏழு வருஷம் தானியத்தைச் சேர்த்து வைத்து எகிப்தையே காப்பாற்றினார். கடவுள் தருவார் என்று நம்புகிறவர்கள் சேமிக்கலாமா, கூடாதா? வேதம் இதில் தன்னோடு தானே முரண்படுகிறதா? தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வரும்?"

சேமிப்பது தப்பு என்று எபிரேய வேதம், அதாவது பழைய ஏற்பாடு, பொதுவாகச் சொல்லவில்லை. கோடையில் தானியம் சேர்க்கும் எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று நீதிமொழிகள் சோம்பேறியை அனுப்பிவைக்கிறது. வேதம் விடாமல் கேட்கும் கேள்விகள் வேறு. சேர்த்து வைத்தது யாருடையது? அதில் யாருக்கெல்லாம் பங்கு? சாவியை வைத்திருப்பவரிடம் யார் கணக்குக் கேட்பது? இப்படிப் பார்த்தால் மன்னாவும் யோசேப்பும் நீங்கள் நினைக்கிற இடத்தில் மோதுவதில்லை. மோதல் இருப்பது யோசேப்பு கதையின் பின்பாதியில். அதை நாம் பெரும்பாலும் படிப்பதே இல்லை.

முதலில் மன்னா. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம். எகிப்தைவிட்டுப் புறப்பட்ட பிறகு இரண்டாம் மாதம் பதினைந்தாம் தேதி, ஏலிமுக்கும் சீனாய்க்கும் நடுவே சீன் வனாந்தரத்தில் ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். காலையில் பனி நீங்கியதும் தரையில் சிறுசிறு உருண்டைகளாக ஏதோ கிடக்கிறது. கொத்துமல்லி விதை மாதிரி, வெள்ளையாக, தேன் கலந்த பணியாரத்தின் ருசியோடு. தலைக்கு ஓர் ஓமர் எடுக்கலாம் என்று கட்டளை. ஓமர் என்பது எப்பாவில் பத்தில் ஒன்று, ஏறக்குறைய இரண்டு லிட்டர். அவரவர் கூடாரத்தில் எத்தனை பேரோ அத்தனை ஓமர், ரேஷன் அட்டையில் தலையை எண்ணி அரிசி போடுவது போல. சிலர் அதிகம் வாரினார்கள், சிலர் கொஞ்சம் வாரினார்கள். அளந்து பார்த்தால் அதிகம் வாரியவருக்கு மிச்சமும் இல்லை, கொஞ்சம் வாரியவருக்குக் குறையும் இல்லை.

இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு, "பார், நாளைக்கென்று வைத்தால் புழுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். அதே அதிகாரத்தில் இன்னும் சில வசனம் தள்ளிப் போங்கள். ஆறாம் நாளில் இரண்டு மடங்கு கிடைக்கிறது. மிச்சத்தை மறுநாள் ஓய்வுநாளுக்கு எடுத்து வையுங்கள் என்று மோசே சொல்கிறார். வைத்தார்கள். நாறவும் இல்லை, புழுக்கவும் இல்லை. போதாததற்கு, ஓர் ஓமர் மன்னாவைப் பாத்திரத்தில் போட்டு வருங்காலத் தலைமுறைகள் பார்ப்பதற்கென்று சாட்சிப் பெட்டிக்கு முன்னால் வைக்கச் சொல்கிறார்கள். அதுவும் கெடவில்லை. ஆக, கெட்டுப்போனது சொல்லை மீறி, அளவை மீறி ஒளித்து வைத்தது மட்டும்தான். எல்லாருக்கும் ஓய்வு கிடைப்பதற்காக வைத்தது நன்றாகவே இருந்தது.

இவர்கள் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் இவர்கள் பார்வோனுக்காகப் பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டிய அடிமைகள். அடுத்தவனுடைய களஞ்சியத்துக்குச் செங்கல் அறுத்துக் கைகள் காய்த்துப்போனவர்கள். நிறைந்த களஞ்சியம் பக்கத்திலேயே இருந்தும் ஓய்வு நாள் என்ற ஒன்றை அவர்கள் அறிந்ததில்லை. வனாந்தரத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் பயிற்சி, களஞ்சியம் இல்லாமல் இன்றைக்குப் பிழைப்பதும் வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்துவதும். பழக்கம் லேசில் விடுமா? ஏழாம் நாளிலும் சிலர் கூடையோடு வெளியே போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம் அது நின்றுபோனது. யோசுவா 5-ஆம் அதிகாரத்தில் கில்காலில் பஸ்கா ஆசரித்து, அந்தத் தேசத்துத் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாள் மன்னா ஒழிந்தது. நாற்பது வருஷம் வானத்திலிருந்து வந்ததை நிறுத்தியதற்கு வேதம் விளக்கமே தரவில்லை, ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. இனிமேல் உழ வேண்டும், விதைக்க வேண்டும், அறுக்க வேண்டும். கடவுள் தருவது நின்றுவிட்டது என்று அங்கே யாரும் அழவில்லை. தருகிற வழி மாறியது, அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்த நிலம் எப்படிப்பட்டது என்று உபாகமம் 11 அழகாகச் சொல்கிறது. எகிப்தில் கீரைத் தோட்டத்துக்குப் போல உன் காலால் தண்ணீர் பாய்ச்சினாய். நீ போகிற தேசம் அப்படியல்ல, மலையும் பள்ளத்தாக்குமான அது வானத்து மழையைக் குடிக்கும் தேசம். இதில் விவசாயம் தெரிந்த கண் ஒன்று இருக்கிறது. நைல் வருஷந்தோறும் பெருகும், வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் உன் கையில். யூதேய மலைநாட்டில் நைல் மாதிரி ஆறு எதுவும் கிடையாது. எருசலேமில் வருஷத்துக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை, அதுவும் கிட்டத்தட்ட முழுக்க அக்டோபர் முதல் ஏப்ரல் வரைக்குள். முன்மாரி தவறினால் விதைக்க முடியாது, பின்மாரி தவறினால் கதிர் முற்றாது. கோடை முழுக்க வானம் வெறிச்சென்று இருக்கும். அதனால் பாறையைக் குடைந்து, சுண்ணாம்பு பூசிய தொட்டிகளில் மழைநீரைத் தேக்கினார்கள். கடவுள் மழை தருவார் என்று நம்பியவர்களும் தொட்டி வெட்டித்தான் வாழ்ந்தார்கள். தொட்டியில் விரிசல் விட்டால் தண்ணீர் நிற்காது என்று தெரிந்த ஊரில்தான் எரேமியாவின் "வெடிப்புள்ள தொட்டிகள்" என்ற வசவு சுருக்கென்று தைக்கும்.

மழையை நம்பிய நிலத்தில் விளைச்சல் நன்றாக வந்துவிட்டால் ஆபத்து வேறு விதத்தில் வருகிறது என்பது உபாகமம் 8-இன் கவலை. சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டி, ஆடு மாடு பெருகிய பிறகு, "என் சாமர்த்தியமும் என் கைப்பலமும்தான் இதைச் சம்பாதித்தது" என்று நெஞ்சில் ஒரு குரல் எழும். பசியில் இருப்பவனைவிட வயிறு நிறைந்தவனைப் பார்த்துத்தான் மோசே அதிகம் பயப்படுகிறார். எனக்கு அந்த அதிகாரத்தில் பிடித்ததே இதுதான்.

சரி, யோசேப்பு. ஆதியாகமம் 41-இல் அவர் பார்வோனுக்குச் சொன்ன திட்டம் கச்சிதமானது. செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கி, அந்தந்தப் பட்டணத்தைச் சுற்றியுள்ள வயலின் தானியத்தை அந்தந்தப் பட்டணத்திலேயே சேர்த்து வைப்பது. பஞ்சம் வந்தது. களஞ்சியம் திறந்தது. ஞாயிறு பள்ளியில் கதை இங்கே முடிந்துவிடும்.

ஆதியாகமம் 47-ஐப் படியுங்கள். ஜனங்கள் முதலில் பணம் கொடுத்துத் தானியம் வாங்குகிறார்கள். பணம் தீர்ந்ததும் ஆடு, மாடு, குதிரை, கழுதை எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள். அடுத்த வருஷம் கொடுக்க எதுவும் இல்லை. "எங்களையும் எங்கள் நிலத்தையும் வாங்கிக்கொள்ளும்" என்கிறார்கள். யோசேப்பு வாங்குகிறார். எகிப்து நிலம் முழுவதும் பார்வோனுடையது ஆகிறது, பூசாரிகளின் நிலத்தைத் தவிர. அதற்குப் பிறகு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு நிரந்தர வரி. "எங்கள் உயிரைக் காப்பாற்றினீர், நாங்கள் பார்வோனுக்கு அடிமைகளாக இருக்கிறோம்" என்று ஜனங்களே நன்றி சொல்கிறார்கள். எந்தத் தானியம் இது? அவர்களுடைய வயலில் விளைந்து, அவர்களிடமிருந்தே வாங்கி வைத்த தானியம்.

ஆதியாகமம் இதைப் பாராட்டவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. யோசேப்பு நேர்மையாக வேலை செய்தார், வசூலான பணத்தைப் பார்வோன் வீட்டில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார், தனக்கென்று எடுத்ததாக ஒரு வரி இல்லை. உக்கிராணக்காரன் உண்மையுள்ளவன். ஆனால் அவர் உண்மையாய் இருந்தது யாருக்கு? பார்வோனுக்கு. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் யோசேப்பின் சொந்தச் சந்ததியே பண்டசாலைப் பட்டணம் கட்டும் அடிமைகளாக நிற்கிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்கிற யாருக்கும் அது உறுத்தாமல் போகாது. ஞாயிறு பள்ளியில் யோசேப்பை நல்ல நிர்வாகிக்கு முன்மாதிரியாக மட்டும் காட்டுவது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

லேவியராகமம் 25-ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அது யோசேப்பின் எகிப்துக்கு மறுமொழி மாதிரியே இருக்கும். "தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள்" என்கிறார் கர்த்தர். நிலம் ராஜாவுடையதும் அல்ல, முழுக்க உழுகிறவனுடையதும் அல்ல. அதனால் யாரும் அதை நிரந்தரமாக விற்க முடியாது. கஷ்டத்தில் விற்றவனுக்கு மீட்கும் உரிமை உண்டு. முடியாவிட்டால் ஐம்பதாம் வருஷமாகிய யூபிலியில் அது திரும்பி வர வேண்டும். தன்னையே விற்றுக்கொண்ட இஸ்ரவேலனை அடிமையாக நடத்தக் கூடாது, கூலியாள் போல வைத்திருந்து யூபிலியில் விட்டுவிட வேண்டும், காரணம் அவன் ஏற்கெனவே எகிப்திலிருந்து மீட்கப்பட்டவன். நாபோத் தன் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்கு விற்க மறுத்ததும் இதனால்தான். அது அவருக்கு வெறும் சொத்து அல்ல, பிதாக்களின் சுதந்தரம்.

அதே அதிகாரத்தில் ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு. "அப்படியானால் என்னத்தைச் சாப்பிடுவோம்?" என்று கேட்பீர்கள் என்று வேதமே முந்திக்கொள்கிறது. ஆறாம் வருஷம் மூன்று வருஷத்துக்குப் போதுமான விளைச்சல் வரும் என்பது பதில். கவனியுங்கள், இந்த வாக்குத்தத்தம் களஞ்சியம் இல்லாமல் நடக்கவே நடக்காது. ஒன்பதாம் வருஷ அறுவடை வரைக்கும் பழைய தானியத்தைச் சாப்பிடுவீர்கள் என்று எழுதியிருக்கிறது. மன்னாவின் ஆறாம் நாள்தான் இங்கே ஆறாம் வருஷமாக நீண்டிருக்கிறது. ஏழாம் வருஷம் தானாக முளைப்பதில் நிலக்காரனுக்கும் வேலைக்காரனுக்கும் கூலியாளுக்கும் பரதேசிக்கும் பங்கு உண்டு, மாட்டுக்கும் காட்டு மிருகத்துக்கும் கூட உண்டு.

இதையெல்லாம் கடைப்பிடித்தார்களா? முற்காலத்தில் இல்லை என்றே வேதம் ஒத்துக்கொள்கிறது. பாபிலோன் சிறையிருப்பின் காலத்தில் தேசம் தனக்கு வரவேண்டிய ஓய்வுகளை அனுபவித்துத் தீர்த்தது என்று 2 நாளாகமத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது. பிற்காலத்தில் ஓய்வு வருஷத்தைக் கடைப்பிடித்தார்கள். ஓய்வு வருஷத்தில் யூதர்களுக்கு ஜூலியஸ் சீசர் வரிவிலக்கு கொடுத்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். ஏழாம் வருஷக் கடன் தள்ளுபடி நெருங்கும்போது பணக்காரர்கள் கடன் கொடுக்கத் தயங்குவார்கள் என்று உபாகமம் 15 எச்சரித்தது அப்படியே நடந்தது. ஏழைக்குக் கடனே கிடைக்காமல் போகவே, கடன் தள்ளுபடியாகாதபடி பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை யூத ஆசான் ஹில்லேல் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இப்போது நெகேமியா 5-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். கிமு 5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, பாரசீக ஆட்சி. எருசலேமில் பஞ்சம். ஜனங்கள் தானியத்துக்காக வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைக்கிறார்கள். ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்குகிறார்கள். பிள்ளைகள் அடிமைகளாகப் போகிறார்கள். ஆதியாகமம் 47-இன் அதே காட்சி, ஆனால் இந்த முறை நிர்வாகி வேறு மாதிரி நடக்கிறார். அதிபதியான நெகேமியா கோபப்படுகிறார். பெரிய மனிதர்களைக் கூட்டி, வயல்களையும் வீடுகளையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், வட்டியையும் விடுங்கள் என்கிறார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருந்ததை மறைக்கவில்லை. முந்தின அதிபதிகள் ஜனங்களிடம் நாற்பது சேக்கல் வெள்ளி வாங்கினார்கள். தான் பன்னிரண்டு வருஷமும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை என்கிறார், தினம் ஒரு மாடும் ஆறு ஆடும் சமைத்துச் சுமார் நூற்றைம்பது பேருக்குப் பந்தி போட வேண்டியிருந்தும். தற்பெருமை கொஞ்சம் அதிகம்தான், நெகேமியாவுக்கு அது உண்டு. ஆனால் யோசேப்பின் கதை விட்டுப்போன கேள்விக்கு நான் பார்த்த சரியான பதில் இவருடையது.

இனி சாவி வைத்திருப்பவர்கள். ஏசாயா 22-இல் அரண்மனை விசாரிப்புக்காரன் செப்னா வருகிறான். அவன் செய்த தப்பு, உயரமான பாறையில் தனக்கென்று ஆடம்பரமான கல்லறை வெட்டிக்கொண்டது. பதவி பறிபோகிறது, தாவீது வீட்டின் திறவுகோல் எலியாக்கீமின் தோளுக்குப் போகிறது. எருசலேமுக்கு எதிரே சில்வான் கிராமத்தில் 1870-இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிளேர்மோன்-கன்னோ ஒரு கல்லறைக் கல்வெட்டைக் கண்டெடுத்தார். 1953-இல் தொல்லியலாளர் நஹ்மான் அவிகாத் அதைப் படித்துக் காட்டினார். "அரண்மனைக்கு மேலான", அதாவது அரண்மனை விசாரிப்புக்காரராக இருந்த ஒருவருடைய கல்லறை அது, பெயரின் கடைசிப் பகுதியாகிய "யாகூ" மட்டும் மிஞ்சியிருக்கிறது. செப்னாவாக இருக்கலாம் என்று பலர் ஊகிக்கிறார்கள், நிரூபிக்க வழியில்லை. "இங்கே வெள்ளியும் இல்லை, பொன்னும் இல்லை" என்று அதில் எழுதியிருக்கிறது. திருடர்களுக்குச் சொன்னது!

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2 இராஜாக்கள் 12. ஆலயத்தைப் பழுதுபார்க்க ஜனங்கள் கொடுத்த பணம் ஆசாரியர்கள் கையில் போய்க்கொண்டிருந்தது. யோவாஸ் ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம் வரைக்கும் ஆலயம் பழுதாகவே கிடந்தது. ராஜா கேட்டார், ஏன்? பிறகு ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தார். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணிக் கட்டினார்கள். அரண்மனை ஆள் ஒருவர், ஆலய ஆள் ஒருவர். பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் போனது. வேலையாட்களுக்குக் கொடுப்பதற்காகப் பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று முடிகிறது. "வேதத்திலேயே கணக்குக் கேட்கவில்லை, ஊழியனிடம் கேட்கலாமா" என்று இந்த வசனத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. கணக்குக் கேட்காமல் விட்டது கட்டட வேலையை நடத்தியவர்களிடம். ஆசாரியர்கள் கையிலிருந்து பணம் பெட்டிக்கு மாறியதே, அவர்கள் கைக்குப் பணம் போயும் ஆலயம் பழுதாகவே கிடந்ததால்தான்.

அற்புதம் நடந்த இடங்களிலும் இதே கதைதான். எலிசாவின் காலத்தில் கடன்காரன் ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்தான். பாத்திரங்கள் தீர்கிற வரைக்கும் எண்ணெய் வந்தது. அதற்கடுத்து தீர்க்கதரிசி சொன்னது: எண்ணெயை விற்று, கடனை அடைத்து, மிச்சத்தில் பிழைத்துக்கொள்.

கடைசியாக தசமபாகமும் பலகணியும். மல்கியா 3:10 தனியாக வானத்திலிருந்து விழுந்த வசனம் அல்ல. தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, யாருக்கு என்று உபாகமம் 14 சொல்கிறது. மூன்றாம் வருஷ முடிவில் அதை உன் ஊர் வாசலிலேயே வை, நிலமில்லாத லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடையட்டும். மல்கியாவிலும் "ஆலயத்தில் ஆகாரம் இருக்கும்படி" என்றுதான் காரணம் சொல்லப்படுகிறது. ஐந்து வசனம் முன்னால், 3:5-இல், கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைக்கிறவர்களுக்கும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் எதிராகக் கர்த்தர் சாட்சியாக வருகிறார். பலகணி திறக்கும் என்ற வாக்குறுதி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மழையையும் விளைச்சலையும் நம்பியிருந்த ஒரு சமுதாயம் முழுமைக்கும், அதன் பண்டசாலை பசித்தவனுக்குத் திறந்திருக்கும் என்ற ஏற்பாட்டோடு சேர்த்துச் சொன்னது. தனி ஒருவர் போடும் காணிக்கைக்குக் கிடைக்கும் லாபமாக அதைச் சொல்வதற்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை.

அந்தப் பண்டசாலை எப்படி இருந்தது என்று பார்க்க நெகேமியா 13 உதவும். கிட்டத்தட்ட மல்கியாவின் காலம்தான். தானியக் காணிக்கையும் தசமபாகமும் வைக்க வேண்டிய பெரிய அறையை ஆசாரியன் எலியாசிப் தன் உறவுக்காரன் தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். பங்கு கிடைக்காத லேவியர்களும் பாடகர்களும் பிழைக்க வயலுக்கு ஓடிவிட்டார்கள். நெகேமியா வந்து தொபியாவின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்தார், அறையைச் சுத்திகரிக்கச் சொன்னார், லேவியர்களைத் திரும்பக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் தசமபாகத்தைக் கொண்டுவந்தார்கள். பண்டசாலைக்கு அவர் நான்கு பேரை வைத்தார்: ஆசாரியன் செலேமியா, வேதபாரகன் சாதோக், லேவியரில் பெதாயா, இவர்களுக்குத் துணையாக ஆனான். இவர்கள் உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டார்கள், தங்கள் சகோதரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இவர்கள் வேலை என்று அங்கே இருக்கிறது. மல்கியா 3:10-ஐ யாராவது உங்களுக்குக் காட்டினால், அவர்களுடைய பண்டசாலையில் அந்த நான்கு பேர் யார் என்று தயங்காமல் கேளுங்கள்.